வண்டின் நீளத்தை நம்பாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் வண்டுகள் ஊரத் தொடங்கிவிடும். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கமிருந்து, ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வந்த கறுப்பு வண்டைப் படமெடுத்து "சார், இது கடிக்குமா?" என்று கேட்பார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்துபவனுக்கு இது பழகிப்போன விஷயம். "நேத்து பெருசு வந்துச்சு, இன்னிக்கு அதோட குட்டி வந்திருக்கு" என்பதும் அடிக்கடி வரும்.

வண்டுக்குக் குட்டி கிடையாது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் வண்டு. கூட்டுப்புழுவை விட்டு வெளியே வந்து ஓடு இறுகியதும் வளர்ச்சி முடிந்தது. புழுவாக இருந்தபோது சாப்பாடு குறைந்திருந்தால் ஒரே இனத்திலேயே சின்ன வண்டாக வரும். இல்லையென்றால், நீங்கள் பார்த்தது வேறு இனம். இதைப் பிரித்தறியத்தான் அளவுகள் வேண்டும்.

இதில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஆரம்பத்தில் தரைவண்டுகளைத் தாடை நுனியிலிருந்து வயிற்று முனைவரை அளந்து, அதோடு கால் நீளத்தை ஒப்பிட்டேன். பாதி வண்டுகள் சாராயத்தில் ஊறியவை, மீதி ஊசியில் குத்திக் காயவைத்தவை. காய்ந்தவை எல்லாம் நெட்டைக்காலாகத் தெரிந்தன! உண்மையில் கால் நீளவில்லை, வயிறுதான் சுருங்கியிருந்தது. முட்டை நிறைந்த பெண் வண்டிலோ வயிறு உப்பி, முதுகை மூடியிருக்கும் கெட்டியான முன்னிறக்கைகளான இறக்கை உறைக்கு வெளியே பிதுங்கும். தலையும் முன்னே நீளும், உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் இப்போது இறக்கை உறையின் நீளத்தையும் தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்பின் அகலத்தையும்தான் அடிப்படையாக எடுக்கிறேன். கெட்டியான ஓடு, சாப்பிட்டாலும் காய்ந்தாலும் அதிகம் மாறாது.

சரி, உடல் பெரிதானால் எல்லாப் பாகமும் அதே விகிதத்தில் பெரிதாகுமா? வடிவம் மாறாமல் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான். அதனால் விகிதம் மாறுகிறதா என்பது முக்கியமான கேள்வி. உடலின் அளவு, கால் மாதிரி ஒரு பாகத்தின் அளவு, இரண்டையும் மடக்கை (log) எடுத்து வரைபடத்தில் இட்டுப் பார்ப்போம். கோட்டின் சரிவு 1 என்றால் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. 1-ஐத் தாண்டினால் பெரிய வண்டுக்கு அந்தப் பாகம் உடலை மீறிப் பெரிது. இதற்கு அலோமெட்ரி என்ற பெயரை 1936-இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜார்ஜ் டெய்சியேவும் வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கோட்டை விட்டு விலகி நிற்கும் வண்டுகள்தான் எனக்குப் பிடித்தவை. ஜப்பானில் டமாஸ்டர் பிளாப்டாய்டிஸ் என்ற தரைவண்டு நத்தை தின்னும். அதில் சில வகைகளுக்குத் தலையும் மார்பும் ஒல்லி, ஓட்டுக்குள் நுழைந்து தின்பதற்கு. சில வகைகளுக்கு அகலம், ஓட்டையே உடைப்பதற்கு. உடல் நீளத்தை மட்டும் எழுதி வைத்தால் இந்தக் கதை கையில் சிக்காது. நம் நாட்டில் ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு ஓடும் ஆந்தியா வண்டு சுமார் 4 செ.மீ. இருக்கும், ஆனால் பறக்காது. பறப்பதை விட்டுவிட்ட தரைவண்டுகளில் பறக்கும் தசை இருக்கும் பின்மார்புப் பகுதி குட்டையாகி, தோள் ஒடுங்கிப்போவதுண்டு.

படம் அனுப்புபவர்களுக்கு: காம்பஸ் பாக்ஸில் இருக்கும் ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் வேண்டாம், அதிலேயே பல அளவு இருக்கிறது. நேர் மேலிருந்து எடுங்கள், சாய்த்து எடுத்தால் இறக்கை உறை குட்டையாகத் தெரியும். கையால் பிடிக்காதீர்கள். பாம்பர்டியர் வண்டாக இருந்தால் பின்புறத்திலிருந்து கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் ரசாயனத்தைப் பீச்சும், விரலில் பழுப்புக் கறை படியும்.

செருப்பால் அடித்துவிட்டும் படம் அனுப்புகிறார்கள். அதில் முன்மார்பின் அகலம் எனக்குச் சுத்தமாகத் தெரிவதில்லை.