அந்தக் குஞ்சை அங்கேயே விடுங்கள்

மழை விழுந்து உழவு தொடங்கிவிட்டால் காங்கேயம் பக்கத்தில் இருக்கிற எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். மாட்டுக்கு ஊசி போட வந்த கையோடு, "டாக்டருங்க, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று ஒருவர் செருப்புப் பெட்டியைத் திறப்பார். உள்ளே கவுதாரிக் குஞ்சுகள். நெஞ்சுப் பூமயிர் நனைந்து ஒட்டியிருக்கும். "தாயில்லாம கெடந்துச்சுங்க, பால் குடுத்தோம்" என்பார்.

தாய் இருக்கும். கொரங்காட்டில், அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் ஒளிந்துகொண்டு, நாம் எப்போது நகர்வோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் பொரித்த குஞ்சுகள் ஆளைக் கண்டால் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ளும். அனாதையாகக் கிடப்பது போலத் தெரிவது அதனால்தான். கூட்டில் வாய் பிளந்து கிடக்கும் காக்கைக் குஞ்சு மாதிரி இல்லை, இவை பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓடக்கூடியவை.

போன ஆவணியில் ஒரு பெரியவர் நான்கு குஞ்சுகளைக் கொண்டுவந்தார். "காடைங்க" என்றார். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காலைப் பார்த்தேன். பின்விரல் இல்லை, முன்னால் மூன்றுதான். குறுங்காடை. பெயரில்தான் காடை, உறவுமுறை பார்த்தால் கடற்கரையில் பறக்கும் ஆலாவுக்குத்தான் நெருக்கம். இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

"அப்ப அப்பன்காரன் தேடிக்கிட்டு இருப்பானுங்களா?"

ஆமாம் என்றேன். பால் மூச்சுக்குழாயில் இறங்கியதில் ஒரு குஞ்சு என் மேசையிலேயே செத்துப்போனது. மற்ற மூன்றையும் எடுத்த இடத்திலேயே புல்லடியில் விட்டுவிட்டு எட்டப் போய் நிற்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "சின்னதா ஒண்ணு வந்து கூட்டிட்டுப் போயிருச்சுங்க."

பாலும் வேண்டாம், நொய்யும் வேண்டாம். முதல் சில நாள் இவற்றுக்குக் கரையானும் பொடிப்பூச்சியும்தான் சாப்பாடு, அதை நம்மால் நாள் முழுக்கப் பிடித்துக்கொடுக்க முடியாது. கோழியோடு விட்டால் வெள்ளைக் கழிச்சல் வர வாய்ப்பு அதிகம். நாய் கடித்ததோ கால் ஒடிந்ததோ என்றால் மட்டும் காற்றோட்டமுள்ள பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் கொண்டுவாருங்கள், வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து வழியில் செல்ஃபி வேண்டாம். பயத்திலேயே உயிர் போகும்.

வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காட்டுக் கவுதாரியையும் காட்டுக் காடையையும் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுக் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் அதில்தான் சேரும். கடையில் விற்பது ஜப்பானியக் காடை, 1970-களில் பண்ணைக்கென்று இந்தியாவுக்கு வந்தது. அது வேறு கதை.

அந்தப் பெரியவர் இப்போது வேலியோரம் இரண்டு சால் விட்டுத்தான் டிராக்டர் ஓட்டச் சொல்கிறார். களை ஏறுதுங்க என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டே.