எஃகை உடைக்கும் முடி

"தாடி முடி மென்மையானது, எஃகு கடினமானது. மென்மையான பொருள் கடினமான பொருளை எப்படி மழுக்கும்? பிறகு ஏன் ஐந்தாறு சவரத்துக்குள் பிளேடு முகத்தைப் பிறாண்டத் தொடங்குகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை நானும் நெடுநாள் மனத்துக்குள் வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பல பிளேடுகள் அடுக்கிய ரேசரையும் டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையையும் விட்டுவிட்டுப் பழைய முறைக்கு மாறினேன். ஒரு பிரஷ், ஒரு வட்டச் சவரச் சோப்பு, இருபுறமும் கூர் கொண்ட ஒற்றை பிளேடைச் செருகும் உலோக ரேசர். கழுத்தில் ஓயாமல் வந்துகொண்டிருந்த சிவந்த பொரிகள்தான் காரணம். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டும். வெட்டுப்பட்ட முனை தோலுக்குக் கீழே போய்விடும். சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முனை வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். பொரிகள் அடங்கட்டும் என்று மாறினேன். பொரிகள் அடங்கின. ஆனால் அதற்குப் பிறகும் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. காலையில் கண்ணாடி முன் நிற்கும் அந்த இருபது நிமிடங்களில் நீரும் சோப்பும் எஃகும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை என் கையாலேயே தொட்டு அறிய முடிகிறது. இதைவிட மலிவான, இதைவிட நிறைவான பொழுதுபோக்கு எனக்கு வேறில்லை.

கேள்விக்கு வருகிறேன். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குவதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் தேய்மானம்: செருப்பின் அடி தேய்வதுபோலக் கூர்முனை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு போகிறது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் சிலர் துருவைக் குறை சொல்வார்கள். பழைய கார்பன் எஃகு பிளேடுகளுக்கு அது பொருந்தும். இன்றைய பிளேடுகளில் சுமார் 13 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கிறது. துருவை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது.

விடை 2020ஆம் ஆண்டில், 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில் கிடைத்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் செம் தாசானின் உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் ஜான்லூக்கா ரோஷியோலி என்ற மாணவர் செய்த வேலை அது. ரேசர்களை ஆய்வுக்கூடத்துக்கே எடுத்துவந்து சவரம் செய்துகொண்டார். ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் பிளேடின் விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார். தேய்மானம்தான் காரணமென்றால் முனை சீராக உருண்டிருக்க வேண்டும். அப்படி உருண்டதற்கான அடையாளம் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் விளிம்பில் அங்கங்கே சில்லுகள் பெயர்ந்திருந்தன. எஃகு தேயவில்லை, உடைந்திருந்தது.

முடி எஃகை உடைக்கிறது! இதை முதன்முதலில் படித்த அன்று, கையிலிருந்த பிளேடை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி உடைகிறது என்பதைப் பார்க்க, நுண்ணோக்கியின் வெற்றிட அறைக்குள்ளேயே முடியை வெட்டும் சிறு கருவி ஒன்றை அவர்கள் செய்தார்கள். ரோஷியோலியின் முடியும் ஆய்வுக்கூடத் தோழர்களின் முடியும் சோதனைக்குப் போயின. பிளேடு முடியைச் சரியாகச் செங்குத்தாகச் சந்தித்தபோது முடி வெட்டுப்பட்டது, பிளேடுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாய்ந்த கோணத்தில், முடி வளைந்து கொடுக்கும்படி சந்தித்தபோதுதான் சில்லு பெயர்ந்தது. அதுவும் எங்கே? முடியின் நடுப்பகுதி அழுத்தும் இடத்திலன்று, முடியின் பக்கவாட்டு ஓரம் பிளேடைத் தொடும் இடத்தில்.

இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கைகளாலும் பிடித்து இரு பக்கமும் நேராக இழுத்தால் எளிதில் கிழியாது. ஒரு கையை உங்களை நோக்கியும் மறு கையை எதிர்ப்புறமாகவும் நகர்த்துங்கள், சர்ரென்று கிழிந்துவிடும். தாள் ஒன்றுதான், கையின் வலுவும் ஒன்றுதான். விசை தாளின் தளத்தோடு போகும்போது தாள் தாங்குகிறது. தளத்தை விட்டுக் குறுக்கே போகும்போது, ஒரு கைக்கும் மறு கைக்கும் இடைப்பட்ட கோட்டில் தாள் தோற்றுப்போகிறது.

பிளேடில் நடப்பதும் இதுதான். இருபுறமும் கூர் கொண்ட பிளேடின் உடல் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், அதாவது ஏறக்குறைய ஒரு முடியின் தடிமனே. கூர்முனையோ நானோமீட்டர் கணக்கில், முடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த முனையைச் சாய்ந்த முடி ஒன்று பக்கவாட்டில் தள்ளுகிறது. முடிக்கு நேர்கீழே உள்ள எஃகு சற்றே வளைகிறது. அதை ஒட்டியுள்ள எஃகின் மேல் எந்த முடியும் இல்லை, அது வளையாமல் நிற்கிறது. வளைந்த பகுதியும் வளையாத பகுதியும் சந்திக்கும் எல்லை எது? முடியின் ஓரம். தாளில் இரு கைகளுக்கு நடுவே இருந்த அதே கோடு.

இவ்வளவு மட்டும் போதாது. எஃகு முழுக்க ஒரே சீரான பொருளாக இருந்தால் இந்தச் சிறு வளைவைத் தாங்கிவிடும். ஆனால் எஃகு அப்படிச் சீரானதன்று. சூடேற்றிச் சட்டென்று குளிர்விக்கும்போது உருவாகும் மார்ட்டென்சைட் எனும் கடினமான படிக அமைப்பு, அதற்குள் ஆங்காங்கே கார்பைடு எனும், உலோகமும் கார்பனும் சேர்ந்த கடினமான துகள்கள், ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே மாறும் கடினத்தன்மை. முடியின் ஓரம், கடினமான பகுதியும் சற்று மென்மையான பகுதியும் ஒட்டி நிற்கும் இடத்தில் வந்து விழுந்தால், மென்மையான பக்கம் அதிகம் வளையும், கடினமான பக்கம் விட்டுக்கொடுக்காது. இழுவிசை முழுவதும் அந்த எல்லையில் குவிகிறது. அங்கே விரிசல் விட்டு ஒரு சில்லு பெயர்கிறது. ஏற்கெனவே சிறிது கிழிந்த தாள் அங்கிருந்தே மேலும் கிழிவதைப் போல, ஒரு சில்லு பெயர்ந்த இடம் அடுத்த சில்லுக்கு வழிவிடுகிறது.

சாய்ந்த கோணம், எஃகின் சீரற்ற உள்ளமைப்பு, முடியின் ஓரம் சரியாகப் பலவீனமான இடத்தில் விழுவது: மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் எஃகு உடையும். ஒரு முடியைப் பொறுத்தவரை இது அரிதான சேர்க்கை. ஆனால் ஒரு சவரத்தில் பிளேடு ஆயிரக்கணக்கான முடிகளைச் சந்திக்கிறது. தோலின் மேல் முடி ஒருபோதும் நேராக நிற்பதில்லை. ஆக அரிதானதும் அன்றாடம் நடக்கிறது. மழுங்குவதற்கு முடி எஃகைவிடக் கடினமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "முடி வெட்டும் பிளேடைப் பற்றி ஆராய நிதி தாருங்கள்" என்று விண்ணப்பித்தால், தலைப்பைப் பார்த்தே சிரித்து ஒதுக்கும் குழுக்கள் உண்டு. எனக்கு அதில் கோபம் இருக்கிறது. மென்மையான பொருள் கடினமான உலோகத்தை எப்படி உடைக்கிறது என்பது சவர அறையோடு முடியும் கேள்வி அன்று. எந்தக் கூர்முனை எங்கே ஏன் உடைகிறது, எஃகின் உள்ளமைப்பைச் சீராக்கினால் எவ்வளவு நாள் கூடுதலாக உழைக்கும் என்பதற்கெல்லாம் இதிலிருந்து வழி பிறக்கிறது. சின்னக் கேள்விகளுக்குச் சின்னத் தொகையாவது ஒதுக்காத அமைப்பு, பெரிய கேள்விகளுக்கு எத்தனை கோடி ஒதுக்கினாலும் வறட்சியாகத்தான் இருக்கும்.

இத்தனை மெல்லிய தகட்டைக் கடினமாக்க முடியும் என்பதையே ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. தூக்கி எறியக்கூடிய பிளேடு என்ற எண்ணம் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895இல் தோன்றியது. மெல்லிய தகட்டெஃகைக் கோணாமல் பதப்படுத்தும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டுபிடித்த பிறகே அது பொருளாயிற்று. 1903இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டு ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது.

சரி, முடி செய்யும் சேதத்தைக் குறைக்க நம் கையில் என்ன இருக்கிறது? முதலில் நீர். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளை முக்கியமாக இரு வகைப் பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. கந்தக அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பை நீரால் அசைக்க முடியாது. ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அவிழ்த்துவிடும். முடி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு நீரை உறிஞ்சிப் பருக்கிறது, அதன் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிறது, வெட்டத் தேவையான விசையும் வெகுவாகக் குறைகிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். முகத்தில் ஒரு கை நீரை அடித்துவிட்டு உடனே ரேசரை எடுப்பவர், கிட்டத்தட்ட உலர்ந்த முடியைத்தான் வெட்டுகிறார். குளித்து முடித்ததும் சவரம் செய்வது நல்லது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது நுரை. நுரை எதற்கு? உறிஞ்சிய நீர் ஆவியாகாமல் பிடித்துவைக்கவும், பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் வழுக்கும் படலமாக இருக்கவும். நல்ல சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய இருக்கும். அதைச் சோடியத்தோடு பொட்டாசியமும் சேர்த்துச் சோப்பாக்கியிருப்பார்கள். சோடியம் சோப்பைக் கட்டியாக வைக்கும், பொட்டாசியம் அதை இளக்கி எளிதில் கரைய வைக்கும். நனைந்த பிரஷை உதறிவிட்டுச் சோப்பின் மேல் சுற்றுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகள் வரும், சளசளவென்று சத்தம் கேட்கும். அது இன்னும் நுரையாகவில்லை. சில துளி நீர், மறுபடி சுற்று, மறுபடி சில துளி. ஒரு கட்டத்தில் சத்தம் அடங்கும். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். பிரஷை மேலே தூக்கினால் நுரையின் நுனி சற்றே தலைசாய்த்து நிற்கும். தன் எடையைத் தாங்கி நிற்கும்போது அது திடப்பொருள், பிளேடு தள்ளும்போது அது திரவம். கடின நீரில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடும்.

பிறகு கோணம். பிளேடைத் தோலுக்குச் சுமார் 30 பாகையில் பிடித்து, அழுத்தாமல், ரேசரின் எடையாலேயே நகர்த்த வேண்டும். முதல் சுற்று முடி வளரும் திசையில். சரியான கோணத்தில் முடி அறுபடும் மெல்லிய சரசரப்பு காதில் விழும். கோணம் தப்பினால் அந்த ஒலி நின்றுவிடும். நான் இப்போது கண்ணைவிடக் காதை நம்பித்தான் சவரம் செய்கிறேன்.

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்ற நம்பிக்கையைப் படித்தவர்களும் விடுவதில்லை. 1928இலேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் சிலரைச் சீராகச் சவரம் செய்யச் சொல்லி, முடியின் தடிமனையும் வளரும் வேகத்தையும் அளந்து பார்த்தார். எந்த மாற்றமும் இல்லை. தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்றது. வெட்டிய செய்தி வேருக்குப் போக வழியே இல்லை. வெட்டப்படாத முடியின் நுனி கூம்பிப் போகும், வெட்டிய முனை தட்டையாக நிற்கும். தடவிப் பார்க்கும் விரல் அதைத் தடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு அருகில் வந்த பிறகும் இந்தக் கதையை இளைஞர்களிடம் சொல்லிப் பயமுறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருமுனை பிளேடு ஓர் அருமையான சோதனைக் கருவி. ஒரே எஃகு, ஒரே பதம், ஒரே கை, ஆனால் இரண்டு விளிம்புகள். போன மாதம் ஒரு புது பிளேடின் மூலையில் மையால் புள்ளி வைத்தேன். புள்ளி வைத்த விளிம்பால் இடது கன்னம், நான்கு நிமிடம் நனைத்த பிறகு. மற்ற விளிம்பால் வலது கன்னம், நனைத்த மறுகணமே. ஐந்து சவரங்களுக்குப் பிறகு, உலோகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் நுண்ணோக்கியில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். இரு விளிம்புகளிலும் எலி கொறித்ததுபோல் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். அவசரப்பட்ட விளிம்பில் அவை கூடுதலாகத் தெரிந்தன. நண்பர் உடனே தலையசைத்து மறுத்தார்: எஃகின் உள்ளமைப்பே இடத்துக்கு இடம் மாறும்போது ஒரு பிளேடை வைத்து எதையும் சொல்ல முடியாது, குறைந்தது பத்தாவது வேண்டும், கன்னங்களையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றார். இன்று காலை மூன்றாவது பிளேடில் புள்ளி வைத்திருக்கிறேன். இந்த முறை நனைத்த பக்கம் வலது கன்னம்.