"நாங்க" என்றால் மார்க் கிடையாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆள்சேர்ப்பு வேலைக்கு வந்து 12 வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் நம்மவர்களுக்கு மாதிரி நேர்காணலும் நடத்துகிறேன். கல்யாணமாகி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், இங்கே நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டு தரப்பும் வருவார்கள். சறுக்குவது என்னவோ ஒரே இடத்தில்தான்.

போன மாதம் ஒரு பெண் வந்தார். ப்ராஸ்பெக்டன் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டாக் கணக்கு பார்த்தவர். "வேலையில் நெருக்கடி வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். இங்கே இதைக் கேட்காத இடமே இல்லை.

"2022 ஏப்ரல் வெள்ளத்துல கிடங்குக்குள்ள தண்ணி வந்துடுச்சு அக்கா. நாங்க எல்லாரும் சேர்ந்து சமாளிச்சோம்." அவ்வளவுதான் பதில்.

சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? "எல்லாரும் செஞ்சதுதான்." விடாமல் கேட்டதில் மெதுவாக வெளியே வந்தது. கரண்ட் இல்லை, கணினி இல்லை. தண்ணீர் வடிந்ததும் இவர் எந்த அடுக்கு வரை நனைந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, சரக்கு அடுக்கிய ஒவ்வொரு பாலெட்டையும் போனில் படம் எடுத்து, பேட்ச் எண்களைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆள் வந்தபோது காட்டுவதற்கு இருந்த ஒரே கணக்கு அந்தத் தாள்கள். இத்தனையையும் "சமாளிச்சோம்" என்ற ஒரு சொல்லுக்குள் மூட்டை கட்டிவிட்டார்!

"நான் செய்தேன்" என்றால் தற்பெருமை என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இங்கே, அதுவும் அரசு, நகராட்சி வேலைகளில், மூன்று நான்கு பேர் உட்கார்ந்து எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஆளுக்கொரு தாளில் மார்க் போடுவார்கள். வந்தவர் என்ன செய்தார் என்று அதில் எழுத வேண்டும். "நாங்க" என்றவருக்கு எதை எழுதுவது? பேனாவைப் பிடித்தபடி நானே திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

அதனால் பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மனப்பாடம் கவிழ்ந்துவிடும். ஐந்தாறு சம்பவங்களை யோசித்து வையுங்கள்: நிலைமை என்ன, என் கையால் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆனது. வெள்ளக் கதை ஒன்றே நெருக்கடி, பொறுப்பு, சொந்த முயற்சி என்று மூன்று கேள்விக்கு வரும். வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், சிரிப்புதான் வரும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அப்பா பெயர், பூர்வீகம், அண்ணன் தம்பி எல்லாம் வேண்டாம். கடைசியாகப் பார்த்த வேலையிலிருந்து தொடங்குங்கள். "அதிகமாக உழைப்பதுதான் என் பலவீனம்" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யாரும் நம்புவதில்லை.

"எப்போது சேரலாம்?" என்றதும் "நாளைக்கே" என்று துள்ளாதீர்கள். இங்குள்ள வேலை நிபந்தனைச் சட்டப்படி, ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் 4 வாரம் நோட்டீஸ் தர வேண்டும்; ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் 2 வாரம்; ஆறு மாதம் வரை 1 வாரம். ஒப்பந்தத்தில் இன்னும் அதிகம் இருக்கலாம், பார்த்துவிட்டுப் போங்கள். இருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வருபவர் நாளை நம்மையும் அப்படித்தான் விடுவார் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார்.

பெண்களிடம் இன்னும் சிலர் கேட்கிறார்கள்: "குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறீர்களா?" 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் விண்ணப்பிப்பவர்களையும் காக்கிறது, கர்ப்பம், திருமணம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது. அங்கேயே சண்டை போடச் சொல்லமாட்டேன். "இந்த வேலை நேரம் எனக்கு ஒத்துவரும்" என்று சொல்லி நகருங்கள். வெளியே வந்ததும் கேட்டதை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ அமைப்பில் புகார் செய்ய ஆறு மாதம் அவகாசம் உண்டு.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வேறொரு கிடங்கில் நேர்காணலுக்குப் போனார். கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்களாம். "உங்கள் சரக்கு அடுக்கின் அடித்தட்டு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம்?" என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு ஒருவர் எழுந்து போய் அளந்து பார்த்துவிட்டு வந்தாராம்.