கூடையில் போட்ட கருவாடு எங்கே போனது?

பாம்பன் பக்கத்துக் கருவாடு, சாயல்குடிக் கருப்பட்டி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் எல்லாம் இன்று இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. பல கடைகள் வீட்டிலிருந்தே நடப்பவை. காசு செலவழித்து விளம்பரம் போட்டு ஆளைக் கடைக்குள் வரவழைத்த பிறகு, ‘உங்கள் கூடை காலியாக உள்ளது’ என்று ஒரு வரி வந்தால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. வந்தவர் புகார் சொல்ல நிற்க மாட்டார், சத்தமில்லாமல் போய்விடுவார். அதனால் கோளாறு எங்கே என்று கடைக்காரர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் ஒன்று: அந்தக் கூடை பெரும்பாலான கடைகளில் வாங்குபவரின் போனில் இல்லை, கடைத் தளத்தை இயக்கும் கணினியான சர்வரில் இருக்கிறது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி முறைக்கு ஞாபகம் கிடையாது. நெத்திலிக் கருவாட்டுப் பக்கத்தைத் திறந்தவரும் அடுத்த நொடி கூடையைத் திறப்பவரும் ஒரே ஆள் என்று சர்வருக்குத் தானாகத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கீ. இணையக் கடையின் கூடையை நினைவில் வைக்க வேண்டிய தேவைதான் அதற்குத் தூண்டுதல். ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையில் வாங்கும் டோக்கன் போலத்தான் இதுவும். படகின் விவரமெல்லாம் அலுவலகப் பதிவில் இருக்கும், கையில் இருப்பது சீட்டு மட்டும். போனில் இருக்கும் குக்கீயிலும் ஓர் எண்தான் இருக்கிறது. சர்வர் அந்த எண்ணைப் பார்த்து, உரிய கூடையை எடுத்துக் கொடுக்கிறது.

அந்த எண் கைமாறாமல் போகும் இடங்கள் பல. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டினால் கடை இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும். அங்கே கருவாட்டைக் கூடையில் போட்டுவிட்டு, பணம் கட்டும்போது குரோமுக்கு மாறினால் கூடை காலி. ஏனென்றால் இரண்டுக்கும் குக்கீகள் தனித்தனி. கடை முகவரி ஓரிடத்தில் மூன்று டபிள்யூவோடும் இன்னோரிடத்தில் அது இல்லாமலும் இருந்தாலும் இதே கதி நேரலாம். எல்லா இணைப்புகளையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அதிகம் ஏமாற்றும் கோளாறு கேச். கடை வேகமாகத் திறக்கட்டும் என்று பக்கங்களின் நகலை முன்கூட்டியே சேமித்துவைக்கும் ஏற்பாடு அது. பொருள் விவரப் பக்கத்துக்கு நல்லதுதான். கூடைப் பக்கத்தையும் சேர்த்துச் சேமித்துவிட்டால், யாரோ ஒருவருடைய காலிக் கூடையின் நகல் வருகிறவர்களுக்கெல்லாம் போகும். இன்னும் மோசமாக, ஒருவருடைய முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடவும் கூடும். இதில் வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அவர் லாகின் செய்திருப்பார்; லாகின் செய்தவருக்குப் பெரும்பாலான கேச் செருகுநிரல்கள் (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) நகலைக் காட்டுவதில்லை. ஆகவே ‘எனக்கு நன்றாகத்தானே வருகிறது’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில், லாகின் செய்யாமல், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். கூடை, பணம் கட்டும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றையும் கேச்சிலிருந்து விலக்க வேண்டும். இணையக் கடை அமைக்கும் மென்பொருளான வூகாமர்ஸ் தன் வழிகாட்டியிலேயே இதைச் சொல்கிறது.

‘உங்கள் முகவரிக்கு டெலிவரி இல்லை’ என்று வருவதற்குக் காரணம் பல சமயம் எடைதான். எடை அலகு கிலோவில் இருக்க, அரைக் கிலோ பாக்கெட்டுக்கு 500 என்று பதிந்துவிட்டால் கடை அதை 500 கிலோ என்றே கணக்குப் போடும். அந்த எடைக்கு எந்தக் கூரியர் கட்டணமும் பொருந்தாது. 0.5 என்று மாற்றினால் போதும்.

பணம் போய் ஆர்டர் வராமல் இருப்பதுதான் வாடிக்கையாளரை நிஜமாகவே பயமுறுத்துவது. பணம் கட்ட வேறு தளத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் குக்கீ தொலையலாம். 2020-இல் குரோம் தன் குக்கீ விதியை இறுக்கியது. வேறு தளத்திலிருந்து படிவமாக அனுப்பப்பட்டுத் திரும்பி வரும்போது, தனியாக அனுமதி குறிக்காத குக்கீ கூடவே வராமல் போகலாம். அப்போது கடைக்கு ஆள் அடையாளம் தெரியாது. பாம்பன் பாலத்தில் போகும்போது சிக்னல் போய், வாங்கியவரின் போன் கடைக்குத் திரும்பாமலே நின்றுவிடவும் கூடும். இதற்காகத்தான் வெப்ஹுக் இருக்கிறது: வாங்கியவரின் போனை நம்பாமல், பணம் வந்த செய்தியை, கடைக்காகப் பணத்தை வாங்கும் கட்டணச் சேவையின் சர்வர் நேராகக் கடையின் சர்வருக்குச் சொல்லும். சிறு கடைகள் இதை அமைக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மற்ற எதையும்விட இதை முதலில் சரிசெய்யுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒரே ஆர்டராகப் பதிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் செய்ய வேண்டியது: உடனே மறுபடி கட்டாமல் வங்கிச் செய்தியையும் யூபிஐ ஆப்பில் உள்ள நிலையையும் பாருங்கள். கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராத யூபிஐ பரிவர்த்தனையில், 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு கடைக்கு அனுப்புங்கள். கடைக்காரர் அந்த எண்ணைக் கட்டணச் சேவையின் பக்கத்தில் தேடி, பணம் வந்திருந்தால் ஆர்டரைக் கையாலேயே பதிந்து கருவாட்டை அனுப்பிவிடலாம்.