கார அமில நிலை: குளத்துப் பாசியை வைத்து ஒரு சொல் விளக்கம்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் 'பிஎச் பாத்தாச்சுங்ளா?' என்பது அன்றாடப் பேச்சு. சோடா ஆஷ் என்ற காரப்பொடி போட்ட தொட்டி பிஎச் (pH) 11ஐ ஒட்டி நிற்காவிட்டால் ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்காது. பல்லடம் பக்கத்து விவசாயியின் மண் பரிசோதனை அட்டையில் அதே பிஎச், 'கார அமில நிலை' என்ற பெயரில் அச்சாகியிருக்கும். பட்டறைத் தொட்டி, வயல், குளத்துப் பாசி மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான். அது எதை அளக்கிறது என்பதைத்தான் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்த அளவு இது. அவர் அதை 'ஹைட்ரஜன் அயனி அடுக்கு' என்ற பொருளில் அழைத்தார். அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு; அடுக்கு என்றால் பத்தின் அடுக்கு எண். நம் எண்முறையில் இது எளிதாக விளங்கும். பிஎச் 5 என்றால் லிட்டருக்கு ஒரு மோலில் (துகள்களின் எண்ணிக்கைக்கான வேதியியல் அலகு) லட்சத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி. 7 என்றால் கோடியில் ஒரு பங்கு. லட்சத்துக்கு 5 சுழியம், கோடிக்கு 7 சுழியம், அவ்வளவுதான். எண் ஏற ஏற அயனி குறையும். 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் நகர்ந்தால் பத்து மடங்கு மாறும். 8க்கும் 6க்கும் 'ரெண்டுதானே வித்தியாசம்' என்பது நூறு மடங்கைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

'அயனி' கிரேக்கத்திலிருந்து வந்தது; 'போவது' என்று பொருள். 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உத்தராயணத்தில் உள்ள வடமொழி 'அயன'மும் இதே வேரில் கிளைத்த உறவுச் சொல்தான். அதற்கும் செல்லுதல், வழி என்றே பொருள். ஒலிபெயர்ப்பாக வந்த சொல் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இலங்கைத் தமிழில் 'அயன்' என்பார்கள்.

சிக்கல் 'காரம்' என்ற சொல்லில் இருக்கிறது. சமையற்கட்டில் அது மிளகாய். சலவைக்காரம், வெண்காரம் இரண்டும் உண்மையிலேயே காரத்தன்மை உள்ளவை. வெண்காரக் கரைசல்தான் பிஎச் மீட்டரை 9.18இல் சரிபார்க்க உதவுகிறது. ஆனால் கலங்கல் தெளியப் போடும் படிகாரத்துக்குச் சீனக்காரம் என்றும் பெயருண்டு. அது தண்ணீரில் கரைந்தால் அமிலத்தைத்தான் தரும். பெயரில் காரத்தைப் பார்த்து, பிஎச் ஏற்றலாம் என்று யாரும் குளத்தில் கொட்டிவிடக் கூடாது. தனித்தமிழ் விரும்புவோர் அமிலத்தைக் காடி என்றும், பிஎச்சைக் 'காரகாடித்தன்மைச் சுட்டெண்' என்றும் எழுதுகிறார்கள். துல்லியமான சொல், ஆனால் வாயில் நுழைய நேரமாகும். 'கார அமில நிலை'யே போதும். 'அமிலத்தன்மை' என்று மட்டும் எழுதினால் 8.5இல் கிடக்கும் நம் ஊர்த் தண்ணீருக்கு அது பொருந்தாமல் போகும்.

இனிப் பாசிக்கு வருவோம். குளோரெல்லா போன்ற பச்சைப்பாசியின் செல் சவ்வில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் பம்பு ஒன்று உண்டு. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை இறைப்பைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மாடு சரிவில் இறங்க, சால் தண்ணீரோடு மேலே வரும். மாட்டை மறுபடி மேட்டுக்கு ஏற்றுவதுதான் செலவு. பம்பு அயனியை வெளியே ஏற்றி வைக்கிறது. அது உள்ளே இறங்கி வரும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே வெளியே உள்ள பிஎச் என்பது பாசிக்குச் சரிவின் உயரம்.

வெளியே 9ஐத் தாண்டினால் இறங்கி வர ஹைட்ரஜன் அயனி போதாது, சரிவு தட்டையாகிறது. சில பாசிகள் சோடியத்தை வைத்துச் சமாளிக்கும். 5க்குக் கீழே போனால் எதிர்த் தொல்லை. கூப்பிடாமலே அயனி உள்ளே நெருக்கும். செல்லின் உட்புறம் 7ஐ ஒட்டி நிற்க வேண்டியிருப்பதால் பம்பு ஓயாமல் ஓடி, வளர்ச்சிக்கான ஆற்றலைத் தின்றுவிடும். செல் சுவரில் கால்சியமும் மக்னீசியமும் ஒட்டும் இடங்களையும் ஹைட்ரஜன் அயனியே பிடித்துக்கொள்ளும். பிஎச் 3க்குக் கீழும் வாழும் கிளமிடோமோனாஸ் வகைகள் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு. நன்னீர்ப் பச்சைப்பாசிகள் பெரும்பாலானவற்றுக்கு 6.5 முதல் 8.5 வரை வசதி.

பாசியும் சும்மா இருப்பதில்லை, தண்ணீரை மாற்றுகிறது. யூரியாவிலிருந்தோ அம்மோனியம் சல்பேட்டிலிருந்தோ வரும் அம்மோனியத்தை உண்டால் ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். பிஎச் மாற்றத்தைத் தடுக்கும் தாங்குதிறன் இல்லாத கரைசல் 4க்குக் கீழேகூட இறங்கி வளர்ப்பு படுத்துவிடும். நைட்ரேட்டை உண்டால் பிஎச் ஏறும். வெயிலில் கரியமிலவாயுவை இழுப்பதாலும் ஏறும். அதனால் பச்சையாகக் கிடக்கும் ஒரு குளம் விடியலில் 7.5, மதியம் 3 மணிக்கு 9.5 என்று காட்டினால் மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். நேரம் குறிக்காத பிஎச் அளவுக்குப் பயன் குறைவு.

அந்த மதிய ஏற்றத்தில்தான் உரமும் வீணாகிறது. கொங்கு ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணியில் கால்சியம் அதிகம். பிஎச் 9 பக்கம் போனால் பாஸ்பேட் அதோடு சேர்ந்து அடியில் படியும். இரும்பும் அப்படியே, அதைக் கரைசலிலேயே பிடித்து வைக்கும் இடிடிஏ (EDTA) போன்ற வேதிப்பொருள் இல்லாவிட்டால் துருப்பொடியாகக் கிடக்கும். அம்மோனியமோ அம்மோனியாவாக மாறும். 25 டிகிரியில், பிஎச் 7இல் நூற்றில் ஒரு பங்குகூட அப்படி மாறியிருக்காது. 8இல் நூற்றுக்குச் சுமார் 5, 9இல் சுமார் 36. அம்மோனியா சவ்வைத் தாராளமாகக் கடக்கும். பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு.

இன்னொரு குழப்பம்: ஆய்வறிக்கையில் 'காரத்தன்மை' என்று மில்லிகிராமில் வருவது பிஎச் அல்ல. அது பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சேர்ந்த தாங்குதிறன். சிறுவாணித் தண்ணீரில் அது குறைவு, கொஞ்சம் அமிலம் விட்டாலே பிஎச் சரியும். உப்புத் தண்ணியில் மோட்டார் போட்டவுடன் 7ஐ ஒட்டிக் காட்டும். தொட்டியில் ஒரு நாள் கிடந்தால் கரியமிலவாயு பறந்து 8ஐத் தாண்டும். அமிலம் விட்டு இறக்கினாலும், காற்றூட்டினால் மறுபடி ஏறும்.

பாசி சத்தை உறிஞ்சுவதை அளந்து பார்க்க விரும்பினால், 250 மில்லி கூம்புக் குடுவைகளில் 100 மில்லி கரைசல் வீதம் எடுத்து, பிஎச்சை 6, 7, 8, 9 என நிறுத்துங்கள். பிஎச்சை நிறுத்த, நைட்ரேட்டை அளக்கும்போது நைட்ரிக் அமிலமும், பாஸ்பேட்டை அளக்கும்போது பாஸ்பாரிக் அமிலமோ பாஸ்பேட் தாங்கல் கரைசலோ ஆகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.1 நார்மல் செறிவில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு பிஎச்சுக்கும் பாசி போடாத குடுவை ஒன்று கட்டாயம். 9இல் பாஸ்பேட் படிந்து குறைவதையும் அம்மோனியா பறந்து குறைவதையும் பாசி தின்றதாக எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. மணிக்கொரு தரம் மாதிரியை எடுத்து 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி அளக்க வேண்டும். பிஎச்சையும் கூடவே குறிக்க வேண்டும், 7இல் தொடங்கிய குடுவை மாலையில் 7இல் இருக்காது. மீட்டரின் கண்ணாடி முனையை வாலைவடி நீரில் ஊறப்போட்டால் கெட்டுப்போகும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். பதிவேட்டில் இப்படி எழுதலாம்: 'கார அமில நிலை 8.6, மாலை 3 மணி, நீர் வெப்பம் 30 டிகிரி.'