ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி: இதயத்தசைத் தடிப்பு நோய்

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் ‘எச்.சி.எம்.’ என்று எழுதியிருந்தால் அதன் விரிவு ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. கிரேக்கத்தில் கார்டியா என்றால் இதயம், மூஸ் என்றால் தசை, பாதோஸ் என்றால் துன்பம். ஹைப்பர் மிகை, ட்ரோஃபே ஊட்டம். கார்டியோமயோபதி என்ற பெயரை மருத்துவர் வாலஸ் பிரிக்டன் 1957இல் மருத்துவ ஏட்டில் எழுதினார். அடுத்த ஆண்டே நோயியல் மருத்துவர் டொனால்ட் டீயர், திடீரென இறந்த இளவயதினரின் இதயத்தில் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் ஒருபக்கமாகத் தடித்திருந்ததை விவரித்தார்.

தமிழில் பொதுப்பெயர் இதயத்தசை நோய். இந்த வகைக்கு இதயத்தசைத் தடிப்பு நோய். ‘இதய வீக்கம்’ என்று சொல்லிவிடக் கூடாது. வீங்கிய இதயத்தில் அறை விரிந்து தள்ளும் வலு குறையும். தடித்த இதயத்தில் அறை சிறுத்திருக்கும், தள்ளும் வலு பெரும்பாலும் குறையாது. தளர்ந்து ரத்தத்தை வாங்குவதில்தான் சிக்கல். ஆகவே ‘இ.எஃப். 65, நார்மல்’ (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) என்பதை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது. சுவரின் தடிமனைப் பாருங்கள். நாள்பட்ட பிரஷர், வால்வு சுருக்கம் போன்ற காரணம் இல்லாமல் பெரியவருக்கு 15 மி.மீ. இருந்தாலே இந்த நோய்தான். ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் 13 மி.மீ. போதும்.

ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மற்றவர்களுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், படபடக்கும், கிறக்கம் வரும். தடித்த சுவரும் அதை நோக்கி இழுபடும் மைட்ரல் வால்வும் (இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) ரத்தம் வெளியேறும் வழியை நெரிப்பதே பெரும்பாலும் காரணம். உடலில் நீர் வற்றினால் அறை இன்னும் சிறுத்து நெரிப்பு கூடும். குமரி மாவட்டத்துக் குளச்சலிலும் முட்டத்திலும் இந்த நோயோடு கடலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தில் குடிதண்ணீரைக் குறைக்கவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை இங்கே ஆபத்து: ரத்தக்குழாய்கள் தளர்ந்து, நெரிப்பு ஏறி, ஆள் மயங்கி விழலாம். இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்தான் முதல் மருந்து. அதற்கும் அடங்காத நெரிப்புக்குத் தடித்த தசையை அறுவையில் செதுக்கி எடுப்பார்கள்.

முறையாக மருத்துவம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இயல்பான ஆயுளோடு வாழ்கிறார்கள். காரணம் தெரியாத மயக்கம், 30 மி.மீ. தொடும் சுவர், குடும்பத்தில் இளவயதுத் திடீர்ச் சாவு இருந்தால், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சுக்குள் வைப்பது பற்றிப் பேச வேண்டும். மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அதற்கு உறைவெதிர் மருந்து தேவை.

பெற்றோரில் ஒருவரிடம் மரபணுப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு, ஆணாயினும் பெண்ணாயினும். இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இந்தியரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் உண்டு என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சுமப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் இரு பக்கமிருந்தும் வந்தால் சிறுவயதிலேயே கடுமையாகலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிக்கும் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒருவருக்கு உறுதியானதும் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். இயல்பாக இருந்தாலும் சிறுவருக்கு 1–2 ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவருக்கு 3–5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போனாலும் பழைய எக்கோ தாள்களைக் கொண்டுபோங்கள். இளவயதில் தூக்கத்தில் போனவர், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர் குடும்பத்தில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.