பலகைக்குள் தண்ணீர் போகாது, சரி. பலகைக்கு அடியில்?

போன வாரம் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டில் டபிள்யூ.பி.சி. என்று விற்கும் மர-பிளாஸ்டிக் கலவைப் பலகைத் தரையைப் பிரித்தெடுத்தோம். அதைப் போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மேலே பலகை புதிதுபோலத்தான் இருந்தது, ஆனால் ஹாலுக்குள் நுழைந்ததுமே நனைந்த சாக்கு வாடை. முதல் வரிசையைத் தூக்கினால் அடியில் விரித்த ஃபோம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. "வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தானே தம்பி போட்டாங்க, பொங்கலுக்கு நாலு வாளி தண்ணி ஊத்திக் கழுவினது தப்பா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த வருடம் இதே கதையோடு நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது.

பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று அச்சடித்திருப்பது பலகையைப் பற்றி, உங்கள் தரையைப் பற்றி அல்ல. கடையில் ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி வைத்துக் காட்டுவார்கள், உப்பாது, அது உண்மைதான். ஆனால் வீட்டில் போடுவது ஒரே துண்டு இல்லையே. ஒன்றோடு ஒன்று மாட்டிய நூற்றுக்கணக்கான பலகைகள், சுவரோரம் விட்ட இடைவெளி, அதை மறைக்கும் ஸ்கர்ட்டிங் என்று தண்ணீர் இறங்க எத்தனையோ வழி. பிழிந்த துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது, வாளியில் ஊற்றினால் ஓரமாக இறங்கும், இறங்கியது காய வழியில்லாமல் அப்படியே கிடக்கும். மரத்தரை என்றால் உப்பிப்போய் நம்மை எச்சரித்துவிடும், இது கடைசிவரை அழகாகவே இருக்கும். தரைத்தள வீடுகளில் தண்ணீர் மேலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. பழைய மொசைக் தரை வழியாக ஏறும் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், இத்தனை நாள் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது, அதன்மேல் பலகையைப் போட்டு நாம்தான் மூடி வைக்கிறோம்.

இதனால் இந்தச் சரக்கே மோசம் என்று சொல்லவில்லை. கரையான் அரிக்காது, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் காலடியில் மெத்தென்று இருக்கும், அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குச் சத்தம் குறையும், பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே ஓர் அறையை ஒரே நாளில் முடித்துவிடலாம். மாடி வீட்டுப் படுக்கையறைக்கு நானே தயங்காமல் போடச் சொல்வேன். ஆனால் அந்த மென்மைக்குக் காரணம் உள்ளே இருக்கும் பி.வி.சி. ஃபோம், அதனால் இரும்பு பீரோவின் கால் அழுந்திக் குழி விழும். மரத்தைப் போல இழைத்துச் சரிசெய்ய முடியாது. கனமான சாமான் நிறைய உள்ள வீட்டுக்குச் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த எஸ்.பி.சி. பலகைதான் நல்லது.

டபிள்யூ.பி.சி. என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மேலே வினைல் ஒட்டிய, ஒன்றோடு ஒன்று மாட்டும் பலகை வீட்டுக்குள் போட மட்டும். மரத்தூளும் பாலித்தீனும் கலந்த டெக் பலகைதான் பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும். உள்ளே போடுவதை மேற்கு வெயில் விழும் பால்கனியில் போட்டுவிட்டு மே மாதம் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது என்று கூப்பிடாதீர்கள். டெக் பலகையும் வெயிலில் நீளும், 3 மீட்டர் பலகை சில மில்லிமீட்டர் நீளும், இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் அதுவும் வளையும். அடர்ந்த நிறம் வேண்டவே வேண்டாம், மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது.

போடுவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர் முத்துமுத்தாக நின்றால் முதலில் ஓதத்துக்கு வைத்தியம், அப்புறம்தான் பலகை. ரசமட்டம் வைத்துத் தரை சமமாக இருக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள், பள்ளத்தின் மேல் போட்டால் நடக்க நடக்க மாட்டும் இடம் உடையும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். அழகுக்காக அதை வெள்ளை சிமென்டால் அடைக்கும் ஆளை உடனே நிறுத்துங்கள். குளியலறை வாசலிலும் துணி துவைக்கும் இடத்திலும் டைல்ஸே இருக்கட்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மழை விட்ட பிறகு வீட்டில் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் ஊதுபத்தி ஏற்றிச் சமாளிக்காமல் ஒரு மூலையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அடியில் பாருங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால், தயவுசெய்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.